பசுமைத் திட்டத்தில் பொதுப்பணம், உழைப்பவருக்கு நியாயமான கூலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கூரையில் சோலார் தகடு பொருத்துகிறவர்கள், ரயில் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள், மழைநீர்க் கால்வாயை அகலப்படுத்துகிறவர்கள், ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டார், அந்தக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் சிங்கப்பூரர்கள் என்று பல தரப்பிலிருந்தும் வரும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும். சம்பளக் கணக்கை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

எதையெல்லாம் பொதுப்பணத்தில் நடக்கும் பருவநிலைத் திட்டம் என்கிறோம்?

2021 பிப்ரவரியில் சிங்கப்பூர் பசுமைத் திட்டம் 2030 அறிவிக்கப்பட்டது. அதன் கீழும், அதை ஒட்டியும் நடக்கும் வேலைகள் நிறைய. ஜூரோங் வட்டார ரயில் பாதையையும் குறுக்குத் தீவு ரயில் பாதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்காகவே 2022 ஆகஸ்டில் அரசாங்கம் தன் முதல் பசுமைக் கடன்பத்திரத்தை வெளியிட்டு 2.4 பில்லியன் வெள்ளி திரட்டியது. அந்தப் பத்திரத்தின் காலம் 50 ஆண்டு. கடல்மட்ட உயர்வையும் வெள்ளத்தையும் சமாளிக்க 2020-இல் 5 பில்லியன் வெள்ளியில் ஒரு நிதி தொடங்கினார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் இன்னொரு 5 பில்லியன் சேர்ந்தது.

சோலார் கொஞ்சம் வேறு மாதிரி. 2014-இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் பல அரசு அமைப்புகளின் கூரைகளைச் சேர்த்து ஒரே ஏலமாக விடுகின்றன. தகடுகளைப் போட்டுப் பராமரிப்பது தனியார் நிறுவனம். வரும் மின்சாரத்துக்குப் பொது அமைப்புகள் பணம் கொடுக்கின்றன. ஆகவே நேரடியாக அரசு முதலீடு என்று சொல்ல முடியாது. ஆனால் கூரை பொதுச்சொத்து, ஏலம் அரசு ஏலம். என் கணக்கில் இதுவும் இந்தப் பட்டியலில்தான் வரும்.

ரயில் பாதைக்குப் பணம் எங்கிருந்து வந்தால் எனக்கென்ன? எனக்குச் சம்பளம் கொடுப்பவர் என் முதலாளி.

சட்டப்படி அது சரி. அரசு அமைப்பு மெயின்கானுக்கு (தலைமைக் குத்தகையாளருக்கு) கொடுக்கிறது, மெயின்கான் சப்கானுக்கு (துணைக் குத்தகையாளருக்கு), அவர் இன்னொரு சப்கானுக்கு. கடைசியில் கம்பி கட்டுகிறவருக்குப் பணம் வந்து சேருவதற்குள் ஒவ்வொரு படியிலும் ஒரு கழிவு இருக்கிறது. ஏலத்தில் விலையைக் குறைத்துப் போட்டவர் அந்தக் குறைவை எங்கே ஈடுகட்டுவார்? சிமெண்ட் விலையைக் குறைக்க முடியாது, கிரேன் வாடகையைக் குறைக்க முடியாது. ஆள் கூலியில்தான் கை வைக்க முடியும்.

அதனால்தான் பணம் கொடுக்கும் முதல் ஆளுக்கும் பொறுப்பு உண்டு என்ற கருத்து உலகத்தில் பழையது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 94-ஆம் உடன்படிக்கை 1949-இல் வந்தது. அரசு ஒப்பந்த வேலையில் இருப்பவரின் சம்பளமும் வேலை நேரமும், அதே வட்டாரத்தில் அதே வேலைக்கு நிலவும் நிலையைவிடக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். சுதந்திரம் பெற்ற 1965-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் அதை ஏற்றுக்கொண்டது. பசுமைத் திட்டங்களுக்கு அதை அழுத்தமாக நினைவூட்ட வேண்டிய நேரம் இது.

சிங்கப்பூரில் குறைந்தபட்சச் சம்பளம் உண்டா?

எல்லாருக்கும் பொதுவாக இல்லை. துப்புரவு, பாதுகாவல், நில வனப்பு, கழிவு நிர்வாகம் போன்ற துறைகளில் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. அரசு ஏலம் எடுக்கும் நிறுவனங்கள் அதற்கான முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2023 மார்ச்சில் வந்தது. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வொர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) வந்த வெளிநாட்டு ஊழியருக்கு அது பொருந்தாது.

பெர்மிட்காரருக்குத் தரைமட்டம் எது என்றால், ஊரிலிருந்து கிளம்புமுன் கையில் வரும் ஐபிஏ கடிதம், அதாவது பெர்மிட்டுக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும். அதில் உள்ளதைவிடக் குறைக்க வேண்டுமானால் நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், முதலாளி மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் குறைப்பது குற்றம். அந்தக் கடிதத்தைப் படமெடுத்து வீட்டுக்காரம்மாவின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் ஆதாரம் தொலையாது.

மாதம் 800 வெள்ளி என்றார்கள். 800 வருகிறது. ஆனால் ஓவர்டைம் குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறதே?

இது அடிக்கடி வரும் கேள்வி. பெரும்பாலும் விடை அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் இருக்கும்.

ஓவர்டைம் என்பது மணிக்கான அடிப்படைச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு. மணிக்கூலியைக் கண்டுபிடிக்கும் வழி இது: மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கினால் வரும் 2,288-ஆல் வகுக்க வேண்டும். அடிப்படை 800 வெள்ளி என்றால் மணிக்கு ஏறக்குறைய 4.20 வெள்ளி, ஓவர்டைம் மணிக்கு 6.29. அறுபது மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் சுமார் 377 வெள்ளி.

இப்போது அதே 800-ஐப் பிரித்துப் பாருங்கள். அடிப்படை 500, படி 300 என்று சம்பளச் சீட்டில் போட்டுவிட்டால் மணிக்கூலி 2.62-க்கு இறங்கிவிடும். ஓவர்டைம் மணிக்கு 3.93. அதே அறுபது மணி நேரத்துக்கு 236 வெள்ளிதான். மாதத் தொகை மாறவில்லை, மொத்த 800 அப்படியே இருக்கிறது, ஆனால் 141 வெள்ளி போய்விட்டது. ஓர் ஆண்டுக்கு என்று பார்த்தால் 1,700 வெள்ளியை நெருங்கும். ஊரில் அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு.

ஐபிஏ கடிதத்திலேயே அடிப்படை 500, படி 300 என்று இருந்தால் அது சட்டப்படி செல்லும். கடிதத்தில் 800 அடிப்படை என்றிருந்து, இங்கே வந்தபிறகு சீட்டில் மாறியிருந்தால் செல்லாது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். விடுதியில் தங்கியிருப்பவருக்குச் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும்.

அப்புறம், லெவியை, அதாவது வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையை, உங்களிடம் பிடிக்கக் கூடாது. கட்டுமானத் துறையில் தேர்ச்சி குறைந்த ஊழியருக்கு மாதம் 900 வெள்ளி, தேர்ச்சி உள்ளவருக்கு 500 வெள்ளி என்று லெவி கனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது முதலாளியின் செலவு. பெர்மிட்டைப் புதுப்பிக்கப் பணம் கேட்டால் அது லஞ்சம் போன்ற குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

வழக்கமான வேலை வாரத்துக்கு 44 மணி நேரம். ஓவர்டைமோடு சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம் மேல்வரம்பு, மாதத்துக்கு 72 மணி நேரம் ஓவர்டைம் வரம்பு. அமைச்சிடம் விலக்கு வாங்கினால் 72 தாண்டலாம். வாரம் ஒரு நாள் ஓய்வு. முதலாளி கேட்டு அந்த நாளில் முழு நாள் வேலைக்குப் போனால் இரண்டு நாள் சம்பளம். ரயில் பாதை வேலையில் இரவு ஷிப்ட்டுக்கும் இதே கணக்குதான்.

தம்பி கூரையில் சோலார் வேலை பார்க்கிறான். வெயில் தாங்க முடியவில்லை என்கிறான். அதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

இருக்கிறது. எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விதி.

புளோக்கின் மொட்டைமாடியில் நிழல் என்பதே கிடையாது. மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று கான்கிரீட் தரையும் கண்ணாடித் தகடும் சூட்டைத் திருப்பி அனுப்பும். விழாமல் இருக்க ஹார்னஸ், தலைக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டாக வேண்டும். உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அலுமினியச் சட்டத்தைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. வானிலைச் செய்தியில் 33 டிகிரி என்று சொல்வது கூரையில் நிற்பவரின் சூடு அல்ல.

அதனால் மனிதவள அமைச்சு வேறோர் அளவைப் பயன்படுத்துகிறது. வேலையிடத்தில் அதை டபிள்யூபிஜிடி என்பார்கள். காற்றின் சூடு, ஈரப்பதம், வெயிலின் கடுமை, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. 2023 அக்டோபரில் வந்த விதிப்படி, வெளியே கடும் உடலுழைப்பு செய்பவருக்கு அந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33 டிகிரி என்றால் குறைந்தது 15 நிமிடம். வேலை நடக்கும்போது மணிக்கு ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தமுள்ள கட்டுமானத் தளத்தில் கருவியே வைத்திருக்க வேண்டும். மணிக்கு 300 மில்லி தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். புதிதாக வந்தவரை முதல் வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் "இன்றைக்கு ஓய்வு எத்தனை மணிக்கு, நிழல் எங்கே, தண்ணீர் எங்கே?" என்று கேட்கலாம். அதைச் சொல்வது சூப்பர்வைசரின் கடமை. தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோவது, பேச்சுக் குழறுவது, இதில் எது வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு வந்தாலும் அப்படித்தான்.

பூமி சூடாவதைத் தடுக்கத்தான் இந்தத் தகடுகளைப் போடுகிறோம். அந்தச் சூட்டில் முதலில் விழுகிறவர் தகட்டைப் பொருத்தியவராக இருக்கவே கூடாது.

அரசு ஏலத்தில் தொழிலாளர் நலனுக்கு மதிப்பெண் உண்டா?

பாதுகாப்புக்கு உண்டு. இது சிங்கப்பூர் உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கும் காரியம்.

2022-இல் வேலையிட மரணங்கள் கூடியபோது, செப்டம்பரிலிருந்து 2023 மே வரை உயர்நிலைப் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்தார்கள். அது முடிந்ததும் ஏல விதிகளையும் மாற்றினார்கள். 2024 ஏப்ரல் முதல் அரசுக் கட்டுமான ஏலத்தை மதிப்பிடும்போது பாதுகாப்புக்குக் குறைந்தது 5 விழுக்காடு எடை தர வேண்டும். பாதுகாப்பு விதிகளை மீறி 25 அல்லது அதற்கு மேல் குறைப்புப் புள்ளி வாங்கிய குத்தகையாளர் கொஞ்ச காலம் அரசு ஏலத்தில் கலந்துகொள்ளவே முடியாது. 50 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய திட்டங்களில், பாதுகாப்பாக நடத்துபவருக்கு ஊக்கத்தொகையும் இருக்கிறது. 2024 ஜூனிலிருந்து 5 மில்லியன் வெள்ளி முதல் மேலே உள்ள தளங்களில் கேமரா கட்டாயம்.

இதைச் செய்ய முடிந்ததென்றால் சம்பளத்துக்கும் செய்ய முடியும். கடந்த சில ஆண்டுகளில் சம்பளப் பாக்கி வைத்தாரா, ஓவர்டைமைக் குறைத்தாரா, அவருடைய சப்கான்கள் எப்படி என்று பார்த்து ஏலத்தில் மதிப்பெண் போடலாம். பாக்கி வைத்த சப்கானை மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டு வரும் மெயின்கானுக்கும் புள்ளி விழ வேண்டும். பசுமைக் கடன்பத்திரப் பணம் எங்கே போனது, அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன பலன் என்று ஆண்டறிக்கை வருகிறது. அந்த வேலையைச் செய்தவர்களுக்குச் சம்பளம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. முதலாளி "மெயின்கான் இன்னும் கொடுக்கவில்லை" என்கிறார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைமும் வந்தாக வேண்டும். மேலே இருப்பவர் கொடுத்தாரா இல்லையா என்பது உங்கள் பிரச்சினை அல்ல.

கட்டுமானத் தொழிலில் பணப்பட்டுவாடாவுக்கென்று 2005-இலிருந்து ஒரு தனிச் சட்டமே நடப்பில் இருக்கிறது. "எனக்கு வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அது செல்லாது. அதாவது உங்கள் முதலாளிக்குத் தன் பணத்தை விரைவாக வாங்கிக்கொள்ள வழியிருக்கிறது. அதை விட்டுவிட்டு உங்களிடம் கைவிரிப்பதில் நியாயமில்லை.

இன்னொன்று: வேலைவாய்ப்புச் சட்டத்தில், சப்கான் கொடுக்காத சம்பளத்துக்கு மேலே உள்ள குத்தகையாளரையும் பொறுப்பாக்க இடமிருக்கிறது. ஆனால் ஒரு மாதச் சம்பளம் வரைதான். காலக்கெடுவும் மிகக் குறுகியது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். தாமதிக்காமல் டாடம் எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்பில் புகார் பதிவு செய்யுங்கள். வேலையில் இருக்கும்போது கடந்த ஓர் ஆண்டுப் பாக்கியைக் கேட்கலாம். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

வேலையில் அடிபட்டால்?

யார் தப்பு என்ற பேச்சே இல்லாமல் இழப்பீடு உண்டு. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகை. 2025 நவம்பரிலிருந்து மரணத்துக்கான உச்சத் தொகை 269,000 வெள்ளி, நிரந்தர முழு ஊனத்துக்கு 346,000 வெள்ளி. விபத்து நடந்து ஓர் ஆண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தால் அது எம்சிதான். "லைட் டூட்டி போதும்" என்று டாக்டரிடம் போய் மாற்றி எழுதச் சொல்ல கம்பெனிக்கு உரிமை கிடையாது.

லாரியில் போவதும், விடுதியில் நெருக்கியடித்துத் தங்குவதும் இதில் சேருமா?

சேர வேண்டும். 2021-க்குப் பிறகு கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம். பழைய விடுதிகள் 2030-க்குள் 12 பேர், 3.6 சதுர மீட்டர் என்ற அளவுக்கு வர வேண்டும். லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றுவது இன்னும் சட்டப்படி அனுமதிக்கப்படுகிறது. பசுமை என்ற பெயரில் ஏலம் விடும் அமைப்பு, "என் தளத்துக்கு ஆட்கள் பேருந்தில்தான் வர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம்?

இங்குள்ள ஏஜெண்ட் வாங்கக்கூடியது ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் வாங்கலாம். நடைமுறையில் ஊரில் கைமாறும் தொகை இதைப் போலப் பல மடங்கு, ரசீதும் கிடையாது. நகையை அடகு வைத்துக் கட்டிய அந்தக் கடன்தான் ஆளை வாய் திறக்க விடாமல் செய்கிறது. ஏலம் எடுப்பவர் தன் ஆட்களின் ஆள்சேர்ப்புச் செலவைத் தானே ஏற்க வேண்டும் என்று பெரிய அரசுத் திட்டங்கள் நிபந்தனை வைத்தால், மேலே சொன்ன உரிமைகளில் பாதி அப்போதுதான் உண்மையில் பயன்படும்.

இதெல்லாம் செய்தால் திட்டச் செலவு கூடாதா? கடைசியில் நாங்கள்தானே கட்ட வேண்டும்?

கொஞ்சம் கூடலாம். மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போதும் அந்தச் செலவு இருக்கிறது. அதை ஓவர்டைம் குறைந்த ஊழியர் தன் பையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்.

மற்ற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் மத்திய அரசுக் கட்டுமானத்தில் வட்டாரத்தில் நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1931-இலிருந்து இருக்கிறது. 2022-இல் அங்கே வந்த பருவநிலைச் சட்டம், அந்தக் கூலியைக் கொடுத்துப் பயிற்சியாளர்களையும் சேர்த்துக்கொண்ட தூய எரிசக்தித் திட்டங்களுக்கு ஐந்து மடங்கு வரிச்சலுகை வைத்தது. நம் ஊரில் கரிம வாயு வெளியேற்றத்துக்குப் போடும் கரிம வரி 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது, 2024-இல் 25 ஆனது, 2026-இல் 45. கரிமத்துக்கு உண்மையான விலையைப் படிப்படியாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட நாடு, உழைப்புக்கும் அதே மாதிரி ஒப்புக்கொள்ளலாம்.

நான் இங்கே குடியிருப்பவள். என்னால் என்ன செய்ய முடியும்?

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய்க் கேளுங்கள்: எங்கள் புளோக் கூரை வேலையை எடுத்த கம்பெனி எது, சப்கான் யார், சம்பளப் புகார் இருக்கிறதா? எழுத்தில் பதில் கேளுங்கள். கூரைக்குப் போகிறவர்கள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால், கீழ்த்தளத்தில் அவர்கள் உட்கார இடம் தரும்படி நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

இந்தப் பயம் நியாயமானது. முதலாளி பெர்மிட்டை ரத்து செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் தீராத சம்பளப் புகாரோ விபத்து இழப்பீட்டுக் கோரிக்கையோ இருக்கும்போது உங்களை வலுக்கட்டாயமாக விமானம் ஏற்றக் கூடாது. வழக்கு முடியும்வரை தங்க அமைச்சு அனுமதி தரும். சிலருக்கு வேறு முதலாளியைத் தேடவும் விடுகிறது. கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே மாறிக்கொள்ளலாம்.

விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, எம்ஓஎம்மிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். எம்ஓஎம் என்பது மனிதவள அமைச்சு. தமிழில் சொன்னாலும் போதும். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண் 24 மணி நேரமும் எடுப்பார்கள். போகும்போது ஐபிஏ கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், நீங்களே தினமும் எழுதி வைத்த வேலை நேரக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். டைம்கார்டு கம்பெனியிடம் இருந்தாலும், ஒரு சின்ன நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்தத் தளம் என்று எழுதி வந்தால் அதுவும் சாட்சியாக ஏற்கப்படும். இன்றைய தேதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.